நாற்பத்தொரு மோட்டார்கள்

எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. இதை முதலில் சொல்லிச் சிரித்தவர் என் மருமகன். கல்யாணமான புதிதில் இன்னொரு தோசை வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்பட்ட பிள்ளை. போன வருடம் கார் வாங்கினார், கூடவே மாமியாரைக் கேலி செய்யும் தைரியமும் வந்துவிட்டது.

நல்லூரில் எங்கள் தெரு அகலமில்லை. எதிர்வீட்டின் கீழ்த்தளத்தில் தையல் யூனிட், பக்கத்து வீட்டில் பனியன் துணி பின்னும் நிட்டிங். துணி ரோல் ஏற்றிய டெம்போ உள்ளே வந்தால் நடந்து போகிறவர்கூட யார் வீட்டு வாசற்படியிலாவது ஏறி நிற்க வேண்டும். மருமகன் காரை வாசலில் நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்காருவார். ரசத்துக்கு வருவதற்குள் டெம்போக்காரர் ஹாரனை அமுக்கிவிடுவார். எச்சில் கையோடு ஓடிப் போய்க் காரைத் தெருக்கோடியில் விட்டுவிட்டு வருவார். மூன்றாவது முறை இது நடந்தபோது என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"ஆயுத பூஜைக்கு வர்றோம். அப்ப எங்க வண்டி ஷெட்டுக்குள்ள நிக்கோணும். சொல்லிப்போட்டேன்," என்றாள்.

"பாக்கலாம் கண்ணு," என்றேன்.

"பாக்கலாம் கீக்கலாம் எல்லாம் வேண்டாங்கம்மா. ஊட்டுக்கு வர்றவங்க சிரிக்கறாங்க."

சிரிக்கத்தான் செய்வார்கள். ஷெட் முழுக்கக் கார் சீட்டின் உள்ளுறுப்புகள். முதுகுச் சாய்வை ஏற்றி இறக்குகிற மோட்டார் மட்டும் நாற்பத்தொன்று இருக்கிறது. சீட்டை முன்னும் பின்னும் தள்ளுகிற மோட்டார்களை நான் எண்ணியதில்லை. எண்ணெய் டின்களில் சுவிட்சுகள், பனியன் அட்டைப்பெட்டிகளில் கரண்டை மாற்றிவிடும் ரிலேக்களும் வெட்டி எடுத்த ஒயர் கட்டுகளும். சீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று காருக்குச் சொல்லும் சென்சார் பாய்களைச் சுருட்டிச் சுவரில் சாத்தி வைத்திருக்கிறேன். முதுகைச் சூடாக்கும் பேடுகள் ஒன்பது. இந்த ஊர் வெயிலுக்கு அதை யார் கேட்டார்கள்? சீட்டோடு வந்தது, எறிய மனம் வரவில்லை. எல்லாமே அடிபட்டு நசுங்கிய கார்களிலிருந்து கழற்றியவை. சிலவற்றின் இடுக்கில் இன்னும் கண்ணாடித் தூள் இருக்கும். அந்தக் கார்களில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் யோசிப்பதில்லை.

நான் போர்டு வேலை செய்கிறவள். நிட்டிங் மெஷின்களின் கண்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கிற எலக்ட்ரானிக் போர்டு கெட்டுப் போனால் என்னிடம் கொண்டுவருவார்கள். டிப்ளமோ படித்துவிட்டு இந்த வேலையில் இறங்கியபோது, பொம்பளை சால்டரிங் பிடிப்பதா என்று வாய்க்கு வந்தபடி பேசினார்கள். இப்போது அதே வாய்கள் "போர்டு அக்கா இருக்காங்களா" என்று வாசலில் நிற்கின்றன. எங்கள் தொழிலில் செத்த போர்டை யாரும் வெளியே போட மாட்டோம். இரண்டு செத்த போர்டுகளிலிருந்து உயிருள்ள ஒன்றை எடுத்துவிடலாம். அதனால் பொருள் சேர்ப்பது எனக்கு ஏற்கெனவே உள்ள பழக்கம்தான். அது இந்த அளவுக்குப் போனது என் வீட்டுக்காரருக்காக.

அவர் நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். ஆறடி ஆள், மூக்கு மேல் கோபம். அவருடைய ஸ்பேனரை இன்னொருவர் தொட்டால் அன்றைக்கு அந்த ஷிப்டே கெட்டது. வீட்டிலும் அப்படித்தான். தட்டில் சோற்றை நான் போட்டால் பிடிக்காது, தானே போட்டுக்கொள்வார். இந்த வீடு கட்டும்போது கார் ஷெட்டுக்கு அளவு எடுத்தது அவர்தான். கொத்தனார் எந்தக் கார் வாங்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, பெரிய காராகவே நினைத்துக் கட்டுங்கள் என்றார். கடைசிவரை வந்து நின்றது என் ஸ்கூட்டர் மட்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவருடைய வலது கை ரேசரோடு மெல்லக் கீழே இறங்கியது. என்னங்க என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. ஸ்ட்ரோக் என்றார்கள். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் இல்லை. இடது கை இருந்தது. சொல்வது எல்லாம் புரிந்தது. கோபமும் அப்படியே இருந்தது.

வாடகைக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் எடுத்தோம். காலடியில் கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும். நான் சுற்றச் சுற்ற அவர் கண்களை இறுக மூடிக்கொள்வார். எழுப்பி முடிக்கிறவரை திறக்க மாட்டார். சாப்பிட, இரும, ஜன்னலுக்கு வெளியே பார்க்க, எதற்கும் யாராவது வந்து சுற்ற வேண்டும். ஒரு மாதத்தில் இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டு படுத்திருக்க ஆரம்பித்தார். கேட்பதைவிட அது மேல் என்று நினைத்திருப்பார். எனக்கு அந்த மூடிய கண்களைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு ரிலே தேடிக் கோயமுத்தூரில் பழைய கார் உடைக்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் தெற்கத்திப் பக்கத்து ஆள். தரையில் ஒரு சீட்டைப் போட்டு, பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து, மோட்டார் ஓடுகிறது என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார். வந்தவர் போன பிறகு, கால் வலிக்கிறதே என்று அதில் உட்கார்ந்தேன். பக்கவாட்டில் இருந்த சுவிட்சை விரலால் தள்ளினேன். முதுகுக்குப் பின்னால் மெல்லிய சத்தம் கேட்டது. என்னை யாரும் தொடாமல் என் முதுகு எழுந்தது. மறுபடி தள்ளினேன், சாய்ந்தது.

"ஏக்கா, என்ன வண்டி வச்சிருக்கிய? மாடல் சொல்லுங்க," என்றார் கடைக்காரர்.

"வண்டி இல்லீங்க."

"வண்டி இல்லாம சீட்டு எதுக்குக்கா?"

நான் சுவிட்ச் இருந்த பக்கத்தைப் பார்த்தேன். அந்தச் சீட்டு ஆகாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. டிரைவர் சீட்டில் சுவிட்ச் கதவுப் பக்கம், அதாவது வலது கைக்கு வரும். எங்கள் வீட்டில் மிச்சம் இருப்பது இடது கை. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுதான் வேண்டும். அதற்கு மோட்டார் வைத்த கார்கள் குறைவு, அடிபடும்போது அந்தப் பக்கம் தப்பிப்பது அதைவிடக் குறைவு. அப்படி ஒன்று வந்தால் சொல்லும்படி நம்பர் கொடுத்துவிட்டு வந்தேன். ஐந்து வாரம் கழித்துக் கடைக்காரரே போன் செய்தார். "சீட்டு அக்கா, உங்க பக்கத்துச் சீட்டு வந்திருக்கு" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் சீட்டு அக்கா.

பல்லடம் ரோட்டில் ஒரு வெல்டிங் பட்டறையில் சட்டம் அடித்து, சக்கரம் வைத்து, கால் நீட்டப் பலகை சேர்த்து, சீட்டை அதன்மேல் ஏற்றினேன். முழுக்கச் சாய்த்தால் படுக்கை மாதிரியே ஆகிவிடும். ஷெட்டுக்கும் ஹாலுக்கும் ஒரே சுவர். ஷெட்டில் ஒரு கார் பேட்டரியையும் சார்ஜரையும் வைத்து, சுவரில் ஓட்டை போட்டு ஹாலுக்கு ஒயர் இழுத்தேன். அதே பேட்டரியிலிருந்து ஒரு அழைப்பு மணியும் கொடுத்தேன். ஷெட்டில் வேலை செய்துகொண்டிருப்பேன், வேண்டுமானால் மணியை அழுத்துவார்.

அவரை உட்கார வைத்து, இடது கையை எடுத்து சுவிட்சின் மேல் வைத்தேன். கட்டைவிரலால் தள்ளினார். முதுகு எழுந்தது. நிறுத்தினார். என்னைப் பார்த்தார். திரும்பச் சாய்த்தார், திரும்ப எழுந்தார். அன்று மட்டும் நாற்பது தடவையாவது செய்திருப்பார். மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. அது ஆறும்வரை என்னை முறைத்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்படியில் போய் நின்று அழுதேன். அதற்குப் பிறகு நான் அழுததாக எனக்கு ஞாபகமில்லை.

கார் சீட்டு மோட்டார் ஒரு நாளைக்கு இத்தனை தடவை ஓடுவதற்காகச் செய்ததில்லை. காரில் ஏறுகிறவர் ஒரு தடவை சரி செய்துகொண்டு விட்டுவிடுவார். இவர் நாள் முழுக்க ஓட்டினார். மூன்றாம் மாதம் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்து, பாதிச் சாய்வில் நின்றது. ஒரு மோட்டார் தேடிக் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் கண்களை மூடிக்கொண்டார். அப்போது ஒரு முடிவு செய்தேன். இந்த சீட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. எது போனாலும் கை நீட்டினால் இன்னொன்று இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றிலும் இரண்டு வைத்தேன். பிறகு நான்கு. இரண்டரை வருடம் அப்படி ஓடியது. மோட்டார் மாற்ற எனக்கு நாற்பது நிமிடம் போதும் என்ற அளவுக்குக் கை பழகிவிட்டது. நான் மாற்றுவதை அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டே பார்ப்பார். போல்ட்டை நான் கோணலாக ஏற்றினால் நாக்கால் உச்சுக் கொட்டுவார். ஃபிட்டர் அல்லவா.

இனி அந்த ஆயுத பூஜையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் மெஷின்களுக்கு ஓய்வு. முந்தின நாளே ஏர் அடித்து, பஞ்சு எடுத்து, துடைத்துச் சுத்தம் செய்துவிடுவார்கள். பூஜையன்று மெயின் சுவிட்சை இறக்கி, ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டால், மறுநாள் மறுபூஜை முடியும்வரை ஒன்றையும் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் இதில் ரொம்பக் கறார். கத்தரிக்கோலைக்கூட எடுக்க விட மாட்டார். ஒரு தடவை மகளின் சட்டைப் பொத்தான் அறுந்துவிட்டது என்று ஊசியை எடுத்தேன், அதற்கு ஒரு சண்டை. மறுநாள் கம்பெனியில் முதல் மெஷினை ஒரு சுற்று ஓட்டி வைப்பது அவர்தான். முதலாளிகூட அவர் கைக்காகக் காத்திருப்பார்.

ஸ்ட்ரோக் வந்த பிறகு இரண்டு வருடம் வீட்டில் பூஜையை விட்டுவிட்டோம். மூன்றாம் வருடம் மகளுக்குக் கல்யாணமாகி ஈரோடு போயிருந்தாள். போனில், இந்த வருடமாவது சாமி கும்பிடுங்கள் என்றாள். எனக்கும் சரியென்று பட்டது.

காலையில் ஷெட்டைக் கூட்டினேன். டேபிளைத் துடைத்து, சால்டரிங் அயர்ன், மீட்டர், ஸ்குரூ டிரைவர் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தேன். மெயினை இறக்கினேன். பேட்டரியின் முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒயர் மாட்டியிருக்கும் டெர்மினலைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் துடைத்து, பேட்டரிக்கும் பொட்டு வைத்தேன். கழற்றிய ஒயரை மடித்துப் பக்கத்தில் வைத்தேன். இதில் எதையும் நான் நினைத்துச் செய்யவில்லை. இன்றைக்கு எதுவும் ஓடக் கூடாது. இருபது வருடமாக அந்த நாளில் கை என்ன செய்யுமோ அதைச் செய்தது.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்தேன். சாப்பிட்டுவிட்டு முழுக்கச் சாய்ந்து படுத்திருந்தார். இப்போது அவர் ஓட்டுகிற மெஷின் இது ஒன்றுதானே என்று தோன்றியது. சீட்டின் சுவிட்சுக்குச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நன்றாக இருந்தது.

"கம்பெனிக்குப் போயிட்டு ஒரு மணி நேரத்துல வந்தர்றனுங்க. வேணும்னா மணிய அமுத்துங்க, பக்கத்து ஊட்டு அக்கா வருவாங்க," என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போர்டு அக்கா வராமல் ஆரம்பிக்க மாட்டோம் என்று பூஜையை நிறுத்தி வைத்திருந்தார்கள், நான் போன பிறகுதான் ஆரம்பித்தார்கள். பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் பை பையாகக் கொடுத்து, ஒவ்வொருவராகத் திருநீறு வாங்கி, பேசிச் சிரித்து, நான் வீட்டுக்கு வந்தபோது மூன்று மணி. போனது பதினொன்றுக்கு. நான்கு மணி நேரமும் எனக்கு ஒரு நிமிடம்கூட அந்த டெர்மினல் நினைவுக்கு வரவில்லை.

கதவைத் திறந்ததும் ரத்தம் என்று நினைத்தேன். அவருடைய இடது கட்டைவிரல் நகக்கண் வரை சிவப்பாக இருந்தது. வேட்டியின் ஓரத்திலும் சீட்டின் பக்கவாட்டிலும் சிவப்பாகத் தேய்ந்திருந்தது. அருகே போன பிறகுதான் குங்குமம் என்று தெரிந்தது. சுவிட்சில் சந்தனமும் இல்லை, குங்குமமும் இல்லை, துடைத்து வைத்தது போல இருந்தது. மணியின் பொத்தானிலும் குங்குமம் ஒட்டியிருந்தது. தலை ஓரமாகச் சரிந்து தொங்கியது. வாயோரம் சளி வழிந்து காய்ந்திருந்தது. துணி நனைந்திருந்தது. மல்லாந்து படுத்தபடி இருமியிருக்கிறார், எழ முடியவில்லை. சுவிட்சைத் தள்ளியிருக்கிறார், மணியை அழுத்தியிருக்கிறார், மறுபடி சுவிட்சைத் தள்ளியிருக்கிறார். எத்தனை நூறு தடவை என்று தெரியாது. பூஜை நாளில் ஊசியைத் தொடவே விடாத மனுஷன்.

கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை.

ஓடிப்போய் டெர்மினலை மாட்டினேன். திரும்பி வந்து சுவிட்சைத் தள்ளினேன். முதுகு எழுந்தது. முகத்தைத் துடைத்தேன், துணி மாற்றினேன்.   அப்போது என் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"மோட்டாரு நின்னுபோச்சுங்க. இப்பச் சரி பண்ணிட்டேன்."

முப்பது வருடம் மெஷின் பார்த்தவரிடம் அதைச் சொன்னேன். மோட்டார் நின்றால் மாற்ற எனக்கு நாற்பது நிமிடம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஷெட்டுக்குப் போய் வந்தது ஒரு நிமிடம். மோட்டார் மட்டும் நின்றிருந்தால் மணி அடித்திருக்கும் என்பதும் தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடமும் மோட்டார் என்றேன். சாயங்காலம் போன் செய்த மகளிடமும் மோட்டார் என்றேன். மூன்றாவது தடவை சொல்லும்போது எனக்கே அது நடந்த விஷயம் மாதிரி இருந்தது.

அதன் பிறகு அவர் சுவிட்சைத் தொடவில்லை.

முதலில் விரலில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். டாக்டர் பார்த்தார். கையில் பலம் அப்படியே இருக்கிறது, புதிதாக எதுவும் இல்லை என்றார். டம்ளரைத் தூக்கிக் குடிக்கிறார். ஈ வந்தால் விரட்டுகிறார். சுவிட்சை மட்டும் தொடுவதில்லை. கையை எடுத்து நான் அதன்மேல் வைத்தால், வைத்த இடத்திலேயே இருக்கும். காலை ஆறு மணிக்கு நான் தள்ளி எழுப்புகிறேன். எழும்போது கண்களை மூடிக்கொள்கிறார், பழைய கட்டிலில் மூடிக்கொண்ட மாதிரியே.

நான் என்ன செய்தேன்? பொருள் சேர்த்தேன். மணிக்குத் தனி பேட்டரி வைத்தேன், சீட்டுக்கு இரண்டு பேட்டரி வைத்தேன். சுவிட்ச் பிடிக்கவில்லையோ என்று வேறு வேறு சுவிட்சுகள் மாற்றினேன், அகலமானது, அழுத்துவது, திருகுவது. ஒன்றையும் தொடவில்லை. சீட்டு அக்கா, சரக்கு வந்திருக்கு என்று போன் வந்தால் மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். முன்பு ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஓடிய மோட்டார் இப்போது ஆறு தடவை ஓடுகிறது. தேய்வதே இல்லை. ஆறு வருடத்தில் ஒரே ஒரு மோட்டார் மாற்றியிருக்கிறேன், வாங்கியது முப்பதுக்கு மேல். துக்கமா என்று கேட்டால் அதுவும் தெரியவில்லை. காலை மாற்றி உட்காராமல் வெகுநேரம் இருந்தால் மரத்துப் போகுமே, அப்படித்தான் இருந்தேன். வேலை மட்டும் நடந்தது.

ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் சுவிட்சுக்குப் பொட்டு வைப்பேன். எந்த ஒயரையும் கழற்ற மாட்டேன். அன்றைக்கு அவரை எழுப்பும்போதுகூடப் பொட்டில் படாமல் சுவிட்சின் ஓரத்தை நகத்தால்தான் தள்ளுவேன். மறுநாள் காலை முதல் வேலையாக அந்தப் பொட்டைப் பார்ப்பேன். வைத்தது வைத்தபடியே காய்ந்து வெடித்திருக்கும். துடைத்துவிட்டு நானே தள்ளுவேன்.

இந்த வருடம் மகளும் மருமகனும் பூஜைக்கு முந்தின நாளே வந்துவிட்டார்கள். மருமகன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு ஷெட்டுக்குள் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் டீ வாங்க வெளியே போனார். நானும் மகளும் மட்டும் இருந்தோம். அவள் ஒரு மோட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா ஆறு வருசமா சுவிட்சையே தொடறதில்லீங்க. அப்பறம் எதுக்குங்கம்மா இத்தன மோட்டாரு?"

"நின்னுபோனா வேணுமல்ல."

"எங்க நிக்குது? அன்னைக்கு ஒருக்கா நின்னுது, அதோட செரி."

நான் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு மோட்டாரு நிக்கல கண்ணு," என்றேன். "நாந்தான் டெர்மினலக் கழட்டி வெச்சுட்டுப் போயிட்டேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். மீட்டரில் பார்த்த ரீடிங்கைச் சொல்வது போலத்தான் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மோட்டாரை மெல்லப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"ஆறு வருசமாவாங்கம்மா?"

"அவருக்குத் தெரியும்."

"தெரியறது வேற. நீங்க சொல்றது வேறீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அவரு சுவிட்சத் தொடாம கண்ண மூடிட்டுப் படுத்திருக்கறது உங்களுக்கோசரம் இல்லீங்களா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். அப்படி அவள் சொன்னது சரியா தவறா என்று எனக்கு இன்றும் தெரியாது. நானும் அப்படி ஒரு நாளும் யோசித்ததில்லை.

சாயங்காலத்துக்குள் ஷெட்டில் பாதி இடம் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டிலிருந்து வந்த மோட்டார்கள் பதினொன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மற்றதை எடுத்துக்கொள்ளும்படி கோயமுத்தூர்க் கடைக்காரருக்குச் சொல்லிவிட்டேன். ஏக்கா, கடையை மூடிட்டியளா என்று சிரித்தார். வீடு கட்டிப் பத்தொன்பது வருடம் கழித்து எங்கள் ஷெட்டுக்குள் ஒரு கார் வந்து நின்றது. அவர் எடுத்த அளவு சரியாகத்தான் இருந்தது, இரண்டு பக்கமும் கதவு திறக்க இடம் இருந்தது.

பூஜையன்று மருமகன் காருக்கு மாலை போட்டார். நான் என் சாமான்களுக்குப் பொட்டு வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு ஹாலுக்கு வந்தேன். எப்போதும் போலச் சாய்ந்து படுத்திருந்தார். சுவிட்சுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். பிறகு பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"ஏனுங்க," என்றேன்.

கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு மோட்டாரு நிக்கலீங்க. பூசைன்னு பேட்டரி ஒயர நாந்தான் கழட்டுனேன். மாட்ட மறந்துட்டுப் போயிட்டனுங்க. அது தெரிஞ்சும் உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டேன்."

அவர் தலை திரும்பியது. வெகுநேரம் என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு கண்களை மூடிக்கொண்டார். நான் எழுந்து சுண்டல் தாளிக்கப் போனேன். சொன்னால் நெஞ்சில் ஏதோ இறங்கும் என்பார்கள், எனக்கு ஒன்றும் இறங்கவில்லை. உப்பு மட்டும் இரண்டு தடவை போட்டிருந்தேன், மருமகன் பேசாமல் சாப்பிட்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வழக்கம்போல ஹாலுக்கு வந்தேன். சீட்டு நான் விட்ட நிலையிலேயே சாய்ந்திருந்தது. துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். சுவிட்சில் இருந்த பொட்டு கலைந்திருந்தது. முழுக்கப் போகவில்லை, ஒரு பக்கம் மட்டும் இழுபட்டிருந்தது. அவருடைய கட்டைவிரல் நுனியில் லேசாகச் சிவப்பு.

விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

சுவிட்சின் மேல் போகவிருந்த என் கையை எடுத்துக்கொண்டேன். முக்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் எழுந்து வந்து, அப்பாவை இன்னும் தூக்கலையா என்று கேட்டாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன், சத்தமில்லாமல் அவளும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீட்டுத் தையல் யூனிட்டில் மறுபூஜைக்கு மணி அடித்தார்கள், முதல் மெஷின் ஒரு சுற்று ஓடி நின்றது. அவர் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்தது. மணி ஆறரை ஆனது. ஏழு ஆனது. நான் சுவிட்சைத் தள்ளவில்லை.